பழைய கிராமபோனைப் பார்சலில் அனுப்பும்போது: இன்சூரன்ஸ் எடுப்பதா, விடுவதா?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் வாங்க இப்போது நேரில் வந்துதான் ஆகவேண்டும் என்றில்லை. கோயம்புத்தூர்க்காரர் வாட்ஸ்அப்பில் வீடியோ பார்த்து கிராமபோன் கேட்கிறார். பெங்களூரில் ஒருவருக்கு வால்வு ரேடியோ வேண்டும், சென்னையில் ஒரு பாட்டு டீச்சருக்கு நல்ல பழைய ஆர்மோனியம். விலை பேசி, பணமும் வந்து சேர்ந்த பிறகு, பார்சல் ஆபீஸ் கவுன்டரில்தான் கேள்வி வருகிறது: "ஓனர் ரிஸ்க்கா, கேரியர் ரிஸ்க்கா அண்ணே?" பின்னால் வரிசை நிற்கிறது. ஓனர் ரிஸ்க் என்றால் வழியில் உடைந்தால் நஷ்டம் நம்முடையது. கேரியர் ரிஸ்க் என்றால் கொண்டுபோகிறவர் பொறுப்பு, அதற்குக் கூடுதல் காசு. பெரும்பாலோர் ஓனர் ரிஸ்க் என்று சொல்லி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள்.

இந்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊரிலிருந்து போகும் சாமான்களில் பெரும்பாலானவற்றுக்கு, கவுன்டரில் விற்கும் அந்த "ரிஸ்க் கவர்"தான் இருப்பதிலேயே மோசமான தேர்வு. ஒன்று, அந்தக் காசைப் பேக்கிங்கில் போட்டுவிட்டு நஷ்டத்தை நாமே தாங்கிக்கொள்ளத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முறையாக பாலிசி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் வம்பு. ஏன் என்று பார்ப்போம்.

வழியில் உடைந்தால் நஷ்டம் யாருக்கு? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் விற்பவருக்குச் சாதகமாகத்தான் தொடங்குகிறது. வாங்குபவர் சொல்லி, பொருளை லாரிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டால், அதுவே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகக் கொள்ளப்படும். வேறு பேச்சு இல்லாவிட்டால், பொருளின் உரிமை யாரிடம் போய்விட்டதோ நஷ்டமும் அவர் தலையில்தான். ஆனால் அதே பிரிவில் அடுத்த வரியும் உண்டு. பொருளின் தன்மைக்கு ஏற்ற மாதிரி விற்பவர் அனுப்பும் ஏற்பாட்டைச் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால், "எனக்கு வந்து சேர்ந்ததாகவே ஏற்கமாட்டேன்" என்று வாங்குபவர் சொல்லலாம். கிராமபோனை அட்டைப்பெட்டியில் போட்டு, மூட்டைகளோடு மூட்டையாக ஏற்றிவிட்டு, சட்டம் என் பக்கம் என்று பேச முடியாது.

சட்டத்தை விடுங்கள். நசுங்கிய கிராமபோன் ஹார்னைப் (ஒலி வரும் குழலை) படம் எடுத்து அனுப்பும் வாடிக்கையாளரிடம் 1930-ஆம் வருடத்துச் சட்டத்தைப் படித்துக் காட்டினால், அவர் தனக்குத் தெரிந்த குழுக்களில் எல்லாம் அந்தப் படத்தைப் போட்டுவிடுவார். அதனால் பணம் வாங்கும் முன்பே வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது: வழியில் சேதமானால் யார் பொறுப்பு, இன்சூரன்ஸ் வேண்டுமென்றால் பிரீமியம் யார் கட்டுவது. வாங்குபவர் "வேண்டாம்" என்று பதில் போட்டிருந்தால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். அவரே தேர்ந்தெடுத்த ரிஸ்க் என்பது மனிதரின் கோபத்தை வெகுவாகக் குறைக்கும்.

இன்சூரன்சே எடுக்காவிட்டால் என்ன கிடைக்கும்?

ஒன்றும் கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆனால் எதில் அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து வித்தியாசம் பெரிது.

ரயிலை எடுத்துக்கொள்வோம். காரைக்குடி ஜங்ஷனில் சென்னை வண்டியில் பார்சல் போடுவது பழைய வழக்கம். மதிப்பைச் சொல்லி, அதற்கான சதவீதக் கட்டணத்தைக் கட்டாமல் புக் செய்தால், 1990-ஆம் ஆண்டு விதிகளின்படி ரயில்வேயின் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய்தான். மரப்பெட்டியோடு 30 கிலோ வரும் கிராமபோன் காணாமலே போனாலும் 1,500 ரூபாய். கிலோ கணக்கு அம்மிக்கல்லுக்குச் சரி, இசைக்கருவிக்கு ஒத்துவராது. கனம் குறைந்து விலை கூடிய பொருள்தான் நம்முடையது. ரயிலில் அனுப்புவதானால் மதிப்பைச் சொல்லிக் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள். இழப்பீடு கேட்பதானால், சரக்கை ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும்.

லாரி சர்வீஸ் இதைவிடத் தேவலை. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011-ஆம் ஆண்டு விதிகளும் சொல்வது: கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாவிட்டாலும், வாடகையைப் போல 10 மடங்கு வரை லாரிக் கம்பெனி பொறுப்பு. நாம் எழுதிக் கொடுத்த மதிப்பைத் தாண்டாமல். 600 ரூபாய் வாடகை என்றால் 6,000 ரூபாய் வரை. அதே 30 கிலோ பெட்டிக்கு ரயிலில் கிடைப்பது 1,500 என்று பார்த்தோம். லாரிக் கம்பெனி கொடுக்கும் எல்.ஆர். (லாரி ரசீது) தாளில் "ஓனர் ரிஸ்க்" என்று முத்திரை குத்திவிட்டால் எல்லாம் போச்சு என்று கவுன்டரில் சொல்வார்கள். கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு அந்த முத்திரை பதிலாகாது என்று 2000-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். போனில் கத்தியதெல்லாம் நோட்டீஸ் ஆகாது.

தபாலில் ஸ்பீட் போஸ்ட்டுக்கு நெடுங்காலமாக இருந்த ஏற்பாடு, கட்டணத்தைப் போல இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், எது குறைவோ அது. தபாலிலேயே தனியாக இன்சூர் செய்யும் வசதி உண்டு. சின்னச் சாமான்களுக்கு, உதாரணமாக ஒரு சவுண்ட் பாக்ஸ் (கிராமபோனில் ஊசி மாட்டும் பாகம்), கொஞ்சம் வால்வுகள், ஒரு ஜோடி ஜால்ரா, அது நியாயமான வழிதான். அதற்கு மேல் தபாலைப் பற்றிப் பேச அதிகம் இல்லை.

கூரியர்தான் சிக்கல். அவர்கள் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு தொகை இருக்கும், அதற்கு மேல் பொறுப்பில்லை என்று. அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று சொல்பவர்கள் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பின்னலாடை நிறுவனம் கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் உரிய நேரத்தில் சேராமல் லட்சக்கணக்கில் நஷ்டம். கையெழுத்துப் போட்ட ரசீதில் 100 டாலர் வரம்பு இருந்ததால், 100 டாலர்தான் என்று முடிந்தது.

கவுன்டர் கவரும் கம்பெனி பாலிசியும்

கூரியர் கவுன்டரில் மதிப்பில் இத்தனை சதவீதம் கட்டுங்கள், ரிஸ்க் எங்களுடையது என்கிறார்களே, அது இன்சூரன்ஸ் என்று நினைத்துத்தான் பலரும் கட்டுகிறார்கள். பல சமயம் அது கூரியர் கம்பெனி தன் பொறுப்பின் உச்சவரம்பைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்வது, அவ்வளவுதான். கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிப்பதும் அவர்களே. நிபந்தனைத் தாளை முழுக்கப் படித்தால் விதிவிலக்குகள் தெரியும்: கண்ணாடி, பழம்பொருள், பயன்படுத்திய சாமான், எளிதில் உடையும் பொருள், வெளிப்பெட்டி சேதமாகாமல் உள்ளே மட்டும் உடைந்தது. கிராமபோன் இதில் எத்தனைக்குள் வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பணம் வாங்கும்போது "மியூசிக் ஐட்டம்தானே, போடலாம்" என்பார்கள். கிளெய்ம் கேட்கும்போது அதே பொருள் "ஆன்டிக்" ஆகிவிடும். எனக்குத் தெரிந்த ஒரு கடைக்காரர் ஒரு மர்ஃபி ரேடியோவுக்காக மாதக்கணக்கில் இமெயில் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் வந்தது அடுத்த பார்சலுக்கு ஒரு தள்ளுபடிக் கூப்பன்.

முறையான பாலிசி என்றால் மரைன் இன்சூரன்ஸ். கப்பலே ஏறாமல் காரைக்குடியிலிருந்து சேலத்துக்கு லாரியில் போகும் சரக்குக்கும் அதுதான். உள்நாட்டுப் பயணத்துக்கு ஏ, பி, சி என்று மூன்று வகை ஷரத்துகள். சி என்றால் தீயும் மின்னலும் மட்டும். பி என்றால் அதோடு வண்டி மோதுவது, கவிழ்வது, தடம் புரள்வது, பாலம் உடைவது போன்ற விபத்துகளும். ஏ என்பதுதான் விலக்கப்பட்டவை நீங்கலாக எல்லா ஆபத்துக்கும். முகவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: எந்த ஷரத்து? ஏனென்றால் பயன்படுத்திய பழைய சாமான் என்றவுடன் பல கம்பெனிகள் பி வகைக்கு மேல் போக யோசிக்கும். பி வகையில் லாரி கவிழ்ந்தால் பணம் வரும். லோடுமேன் பெட்டியைத் தலைகீழாகப் போட்டதால் ஹார்ன் நசுங்கினால் வராது. நம் சாமான்கள் லாரி கவிழ்ந்து உடைவது அபூர்வம். திருச்சியில் ஒரு வண்டியிலிருந்து இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றும்போதுதான் உடைகின்றன. அதனால் பி வகை பாலிசியை எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவதில் அர்த்தமில்லை.

ஏ வகையே கிடைத்தாலும் அதிலும் விலக்குகள் உண்டு. போதாத பேக்கிங், பொருளின் இயல்பிலேயே இருக்கும் குறை, தாமதம், இவற்றால் வரும் நஷ்டத்துக்குப் பணம் கிடையாது. வெளியே அடிபட்ட அடையாளம் இல்லாமல் மின் பாகமோ இயந்திர பாகமோ வேலை செய்யாமல் போவதையும் பெரும்பாலும் தனியாக விலக்கி எழுதிவிடுவார்கள். "பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, ரேடியோ பாடவில்லை" என்ற புகாருக்கு எந்த பாலிசியும் பெரிதாக உதவாது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சேர வேண்டிய தவில் மூன்று நாள் கழித்து முழுசாகச் சேர்ந்தாலும் அப்படித்தான்.

எது எப்படி உடையும்?

இன்சூரன்ஸ் எடுப்பதா என்ற கேள்விக்கு விலையை வைத்து மட்டும் பதில் சொல்வது தவறு என்று நான் நினைப்பது இதனால்தான். ஒவ்வொரு பொருளுக்கும் அது சாகும் விதம் ஒன்று இருக்கிறது. அந்த விதம் பாலிசிக்குள் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இசைத்தட்டிலிருந்து தொடங்கலாம். 78 சுற்று வேகத் தட்டுகள் அரக்கு சேர்த்து வார்த்தவை. வளையாது, விரிசல் விடும். இவற்றை இன்சூர் செய்வது வீண் என்பது என் தீர்மானம். உடைந்தால் முதல் கேள்வியே பேக்கிங்கைப் பற்றி வரும். ஒவ்வொரு தட்டையும் உறையில் போட்டு, கெட்டி அட்டைகளுக்கு நடுவில் ஆடாமல் இறுக்கிக் கட்டி, அந்தக் கட்டைச் சுற்றி நாலு பக்கமும் மெத்தென்று இடம் விட்டு, பெட்டிக்குள் இன்னொரு பெட்டியாக, தட்டுகள் படுக்காமல் செங்குத்தாக நிற்கும்படி வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். அதற்கு ஆகும் செலவு பிரீமியத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

கிராமபோனில் ஹார்ன், சவுண்ட் பாக்ஸ், அதைத் தாங்கும் டோன் ஆர்ம், கைப்பிடி எல்லாவற்றையும் கழற்றித் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். சாவி கொடுத்த ஸ்பிரிங்கை முழுக்க ஓடவிட்டு இறக்கிவிட வேண்டும். முறுக்கோடு அனுப்பி வழியில் ஸ்பிரிங் தெறித்தால் அது விபத்து ஆகாது. டர்ன்டேபிள் தட்டைக் கழற்றாமல் அனுப்பினால், பெட்டி ஒருமுறை தலைகீழானாலே நடு அச்சு வளைந்துவிடும். ஹார்னை ஒரு பெட்டி, உடலை ஒரு பெட்டி என்று இரண்டாக அனுப்புவது உடையாமல் இருக்க நல்லது. ஆனால் ஒரு பெட்டி மட்டும் காணாமல் போனால், பாலிசி அந்தப் பெட்டியின் மதிப்பை மட்டும் பார்க்கும். ஹார்ன் இல்லாத கிராமபோனை வாங்கியவர் என்ன செய்வார் என்பது அவர்கள் கவலை இல்லை. இரண்டு பெட்டி என்றால் மதிப்பைப் பிரித்து எழுதும்போது இதை நினைவில் வையுங்கள்.

வால்வு ரேடியோவில் கனமெல்லாம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும் ஒரு பக்கத்தில். பெட்டி குலுங்கினால் சேசிஸ் (பாகங்களைப் பொருத்திய உள்சட்டம்) தன் திருகுகளிலிருந்து பிய்த்துக்கொண்டு முன்பக்கக் கண்ணாடி டயலில் போய் மோதும். வால்வுகளைக் கழற்றி, எது எந்தக் குழியில் என்று எழுதிச் சுற்றி, சேசிஸுக்கு அடியில் முட்டுக்கொடுத்தால் முக்கால்வாசி ஆபத்து தீர்ந்தது. டயல் கண்ணாடி போனால் போனதுதான், அதே மாடலுக்கு இன்னொன்று தேடுவது லேசில்லை. இன்சூரன்ஸ் காசு தரலாம், கண்ணாடி தராது.

ஆர்மோனியம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் சாதி. துருத்தியை மூடிக் கொக்கி போட்டு, கட்டைகளின் மேல் அட்டை வைத்து இறுக்கினால் போதும். மழைக்காலம்தான் அதற்கு எமன். ஐப்பசி, கார்த்திகையில் தார்ப்பாய் ஒழுகி நனைந்தால் மரம் உப்பும், ரீடு துருப்பிடிக்கும், துருத்தியின் ஒட்டு விடும். ஏ வகை பாலிசி இருந்தால் நனைந்ததற்குக் கேட்க முடியும், பெட்டிக்குள் பாலிதீன் உறை போட்டிருந்தீர்களா என்ற கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்ல முடிந்தால்.

வீணை தனிக் கதை. காரைக்குடி சகோதரர்கள் சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் வாசித்த ஊர். அண்ணன் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார் என்பதை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். அதனாலோ என்னவோ, இங்கே ஒரு பழைய வீட்டில் வீணை இருக்கிறது என்றாலே கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் பார்சலில் அனுப்ப இதைவிட மோசமான பொருள் இல்லை. பலாமரக் குடம் ஒருபுறம், யாளி முகம் மறுபுறம், நடுவில் நீண்ட தண்டி. அடி எங்கே விழுந்தாலும் இணைப்பில்தான் விடும். சுரைக்காயைக் கழற்றிவிடலாம், யாளியைக் கழற்ற முடியாது. இதோடு, தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகில் உட்கார்ந்திருக்கின்றன. சித்திரை வெயிலில் தகரம் அடித்த லாரிக்குள் ஒரு பகல் நின்றால் மெழுகு இளகும், மெட்டு நகரும். பிறகு மேளம் கட்டுகிறவரை, அதாவது மெட்டுகளைத் திரும்ப மெழுகில் உட்காரவைப்பவரைத்தான் தேட வேண்டும். இதற்குக் கிளெய்ம் போட்டால் "பொருளின் இயல்பு" என்ற இரண்டு வார்த்தையில் பதில் வந்துவிடும். அவர்கள் சொல்வதும் தப்பில்லை. கோடையில் வீணையை லாரியில் போடாதீர்கள்.

கணக்கு

வால்வு ரேடியோ 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கவுன்டரில் 2 சதவீதம் கேட்டால் 160 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டியோடு சுமார் 189 ரூபாய். 8,000-ஐ 189-ஆல் வகுத்தால் 42 சொச்சம். அதாவது நீங்கள் அனுப்பும் 42 ரேடியோவில் ஒன்றுக்காவது முழுப் பணம் கைக்கு வந்தால்தான் கட்டின காசு கட்டுப்படியாகும். உடைந்தால் போதாது, உடைந்து, கிளெய்ம் ஏற்றுக்கொள்ளப்பட்டு, பணமும் வர வேண்டும். மேலே சொன்ன விலக்குகளோடு பார்த்தால் அந்த வாய்ப்பை நீங்களே எடை போடலாம்.

அதனால் மாதம் பல பார்சல் போடுகிறவர்களுக்கு என் யோசனை, அந்த 189 ரூபாயைத் தனியாக ஒரு கணக்கில் போட்டு வருவது. 100 ரூபாய் நல்ல பேக்கிங்குக்கு, மீதி நஷ்டக் கணக்குக்கு என்று பிரித்தாலும் சரி. கொஞ்ச நாளில் ஒரு ரேடியோ போனால் தாங்குகிற அளவுக்குச் சேர்ந்துவிடும். வாடிக்கையாளருக்கு அன்றைக்கே பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆறு மாதம் அலைய வேண்டியதில்லை. பேரும் கெடாது.

ஆனால் இந்த யோசனை எல்லோருக்கும் பொருந்தாது. வீட்டில் பங்கு பிரிக்கும்போது ஆச்சியின் பியானோவையோ அப்பச்சி ரங்கூனிலிருந்து கொண்டுவந்த மியூசிக் பாக்ஸையோ விற்கும் குடும்பத்துக்கு இது ஒரே ஒரு பார்சல். சராசரி என்ற பேச்சே அங்கே இல்லை. போனால் எல்லாம் போச்சு. அவர்கள் பாலிசி எடுக்கத்தான் வேண்டும், பிரீமியம் கணக்கில் கொஞ்சம் நஷ்டம் என்றாலும். கடைக்காரருக்கும் இதே விதிதான்: போனால் அந்த மாதமே ஆட்டம் காணும் விலை என்றால் பாலிசி. சிலருக்கு அது 30,000, சிலருக்கு 1 லட்சம்.

அடிக்கடி அனுப்புகிறவர்களுக்கு ஒவ்வொரு பயணத்துக்கும் தனியாக எடுக்காமல், ஒரு மொத்தத் தொகைக்கு ஓப்பன் பாலிசி எடுத்து, ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் விவரம் கொடுத்துவிடும் முறை இருக்கிறது. பொதுத்துறைக் கம்பெனிகளில் இதைக் கேட்டால் கிடைக்கும். பெரிய ஷோரூம்காரர்களுக்குத்தான் என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. தெருவில் நாலு கடைக்காரர்கள் ஒரே முகவரிடம் போனால், பேரம் பேசவும் ஒரு பலம்.

மதிப்பைக் குறைத்து எழுதுவது

இதைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்துக்கு மேல் என்றால் இ-வே பில் (சரக்கைக் கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டும். அதைத் தவிர்க்க 60,000 ரூபாய் பொருளை 20,000 என்று எழுதுகிறவர்கள் உண்டு. வரி விஷயத்தை விடுங்கள், இன்சூரன்சில் இது நேராகக் கையைச் சுடும். பொருளின் உண்மையான மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் இன்சூர் செய்திருக்கிறீர்கள் என்றால், மீதி இரண்டு பங்குக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி என்பது சட்டம். 9,000 ரூபாய் ரிப்பேர் செலவு வந்தால் 3,000-தான் கிடைக்கும். "20,000 வரைக்கும் கவர் இருக்கிறதே, 9,000 தரலாமே" என்ற வாதம் எடுபடாது.

கூட்டி எழுதினாலும் பயனில்லை. நஷ்டம் எவ்வளவோ அவ்வளவுதான். இங்கே நம் வியாபாரத்தின் பலவீனம் ஒன்று வெளியே வரும். பழைய சாமானுக்கு எம்.ஆர்.பி. கிடையாது. வீட்டிலிருந்து வாங்கும்போது பில்லும் கிடையாது. போதாக்குறைக்குப் புதிதாகச் செய்த பித்தளை ஹார்ன் கிராமபோன்கள் பழசு போலவே சந்தையில் நிறையச் சுற்றுகின்றன. இது அசலா என்று, நஷ்டத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்டால் என்ன காட்டுவீர்கள்? மாடல் பெயர், சீரியல் நம்பர், மோட்டாரின் படம் எல்லாம் போட்ட விற்பனை பில், வங்கிக் கணக்கில் வந்த முழுத்தொகை, இவை இரண்டும் இருந்தால் பேச்சு நகரும். பாதியை ரொக்கமாக வாங்கிக்கொண்டால் பாதிக்குத்தான் ஆதாரம். அதிக விலைப் பொருளுக்கு, இத்தனை ரூபாய் மதிப்பு என்று கம்பெனியும் முன்பே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசியைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் டெலிவரி. எத்தனை நல்ல பாலிசியையும் கெடுப்பது வாங்குபவர் போடும் கையெழுத்து. "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று போட்டுவிட்டுப் பிரித்துப் பார்த்தால் உடைந்திருக்கும். லாரி ஷெட்டில் எடுப்பதானால் அங்கேயே திறந்து பார்த்து வாங்குவதுதான் உத்தமம், சேதம் இருந்தால் சேதச் சான்று கேட்க வேண்டும். கூரியர்க்காரர் திறக்கவிடமாட்டார், பரவாயில்லை, பெட்டி நசுங்கியிருந்தால் அதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பிரிப்பதை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுக்கட்டும். நாமும் பேக் செய்வதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உடைந்த துண்டையும் பெட்டியையும் சர்வேயர் வரும்வரை குப்பையில் போடக்கூடாது. லாரிக் கம்பெனிக்கு நோட்டீஸ் கொடுப்பதை, "அதான் பாலிசி இருக்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். நமக்குக் கொடுத்த பணத்தை லாரிக் கம்பெனியிடம் திருப்பிக் கேட்கும் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உண்டு. நாம் 180 நாளைக் கடத்தி அந்த வழியை அடைத்துவிட்டால் நம் கிளெய்மில் கைவைப்பார்கள்.

என் தேர்வு

5,000 ரூபாய்க்குக் கீழே எதற்கும் தனியாகக் காசு கட்டவேண்டாம். நல்ல பேக்கிங், லாரி சர்வீஸ், மதிப்பைச் சரியாக எழுதிய எல்.ஆர். 10 மடங்குப் பொறுப்பே பெரும்பாலும் போதும்.

அதற்கு மேல் 25,000 வரை உள்ள ரேடியோ, ஆர்மோனியம், சாதாரண கிராமபோனுக்கு, அடிக்கடி அனுப்புகிறவர் சொந்த நஷ்டக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். எப்போதாவது அனுப்புகிறவர் வாங்குபவரைக் கேட்டு முடிவு செய்யலாம். கவுன்டர் கவர் எடுத்தே ஆகவேண்டும் என்றால், பழைய இசைக்கருவி விலக்குப் பட்டியலில் இல்லை என்று இமெயிலில் எழுதி வாங்கிய பிறகு எடுங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் அதுவே பதில்.

அதற்கும் மேலே போனால் ஏ வகை பாலிசி, மரச்சட்டம் அடித்த பெட்டி. பி-தான் தருவோம் என்றால், நான் அந்தப் பிரீமியத்தோடு கொஞ்சம் சேர்த்து ஒரு டாடா ஏஸ் சின்ன லாரி பேசி, நேராக வாங்குபவர் வாசலில் இறக்கச் சொல்வேன். நடுவில் ஏற்றி இறக்கும் வேலையே இல்லாதபோது பெரும்பாலான ஆபத்தும் இல்லை. வீணை, பியானோ இரண்டுக்கும் விலை என்னவானாலும் இதுதான் வழி. மதுரை, திருச்சி, தஞ்சாவூர் தூரத்துக்கு வாடகை கட்டுப்படியாகும். வாங்குபவரையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள், ஆத்தங்குடி டைல்ஸும் கானாடுகாத்தான் பெரிய வீடுகளும் பார்க்க வேண்டும் என்று அவர் குடும்பத்தோடு கிளம்பி வந்தாலும் வருவார்.

வெளிநாட்டு ஆர்டர் என்றால் இன்சூரன்சுக்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து நம்மவர்களே கேட்பதால் உடனே ஒப்புக்கொண்டுவிடத் தோன்றும். 100 ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இடம் தராது. வயது சந்தேகமாக இருந்தால், இது அந்த வகையில் வராது என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். தந்தம் பதித்த வீணை, தந்தக் கட்டை வைத்த பழைய பியானோ இவற்றை வெளிநாட்டுக்கு என்ன, உள்ளூரிலேயே விற்கப் போகக்கூடாது, வனவிலங்குச் சட்டம் பாயும். ஈட்டி மரத்தில் செய்த கருவிகளுக்கு 2017-இல் வந்த சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அனுப்புவதே சட்டவிரோதம் என்றால் எந்த மரைன் பாலிசியும் அங்கே செல்லாது, எவ்வளவு பிரீமியம் கட்டியிருந்தாலும். சட்டச் சிக்கல் இல்லாத பொருள் என்றால், கடல் தாண்டும் பயணத்துக்கு ஏ வகை பாலிசி இல்லாமல் அனுப்பாதீர்கள். பில் மதிப்பு, கப்பல் வாடகை, பிரீமியம் மூன்றையும் கூட்டி, அதன்மேல் 10 சதவீதம் சேர்த்து இன்சூர் செய்வது வழக்கம். பிரீமியத்தை விலையோடு சேர்த்தே சொல்லிவிடுங்கள்.